இரண்டு புள்ளி ஆறு கிலோமீட்டர்

ஜனவரி 12

தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருடம் என்பது சின்னக் காலமல்ல. நீ நலமா, உன் மனைவி நலமா என்று கேட்டுவிட்டே தொடங்குகிறேன். கோபத்திலும் அந்த அளவு நாகரிகம் என்னிடம் மிச்சம் இருக்கிறது. எனக்கு இங்கே குறையொன்றுமில்லை. நாள் முழுதும் வரைபட மேசைமேல் குனிந்து குனிந்து, இடுப்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அக்கா அனுப்பிய உன் வார்டுச் செய்தி மடலைப் படித்தேன். 'எதிர்க்கட்சிக் கவுன்சிலரின் பார்வையில் நம் ஊர்' என்று தலைப்பு, நான்கு பக்கம். ஆற்றங்கரைத் தெருவில் பதினாறு விளக்குக் கம்பங்களில் ஐந்துதான் எரிகின்றன என்கிறாய். சரி. சந்தைக் கடைகளுக்கு வாடகையை இரட்டிப்பாக்கியவர்கள் அங்கே ஒரு குழாய்கூடப் போடவில்லை என்கிறாய். அதுவும் சரி. வெள்ளம் நடைபாலத்தை அடித்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகியும் ஒரு கல் நடவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில், அக்கா நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று சொல்லி ஆடித் தீர்த்திருக்கிறாய்.

'மக்கள் விரோத அரசு' என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. அரசாணை எண் ஓர் இடத்திலும் இல்லை. 'தலைநகரத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தில் நம்மை அழிக்கிறார்கள்' என்கிறாய். அந்த வரைபட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்: இங்கே குளிரூட்டி கிடையாது. ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் தலைமை வரைவாளரின் பக்கமாகத் திரும்பி நிற்கிறது.

இன்னொன்று. தேர்தல் நோட்டீசில் நம் குடும்பப் படத்தைப் போட்டாயே, அதில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறாள். அக்காவின் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்தக் கை என்னுடையது. மீதி என்னை எங்கே வெட்டிப் போட்டாய்?

தொலைபேசியில் கேட்கலாம்தான். கேட்டால் நீ மேடைப்பேச்சைத் தொடங்கிவிடுவாய். கடிதத்தில் இடையில் கைதட்ட ஆளிருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். பேசுவதற்கு முன் படி.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இடுப்புக்கு அக்கா ஒரு தைலம் சொல்கிறாள். அடுத்த கடிதத்தில் பெயர் எழுதுகிறேன். ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த கடிதம். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றாலும் இரண்டு முறை படித்தேன். எண்ணியும் பார்த்தேன். பதினொன்று இல்லை, பன்னிரண்டு. மூன்றாம் பக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

படத்தை வெட்டியது நான்தான். அரசு ஊழியரின் படம் எதிர்க்கட்சி நோட்டீசில் வந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று அதற்கு முந்தைய தேர்தலில் சொன்னது யார்? நீங்கள்தானே? அச்சுக்கூடத்துக்காரர் "கையையும் எடுத்துடவா கவுன்சிலர்?" என்று கேட்டார். "கை இருக்கட்டும்யா" என்றேன். இதற்கா ஆறு வருடம் ஊர்ப் பக்கம் வராமல் இருந்தீர்கள்?

அரசாணை எண் போடவில்லை என்பது உண்மை. எனக்கு அது கிடைக்கவில்லை, அண்ணா. மன்றத்தில் இருபத்தொரு பேரில் நாங்கள் நாலு பேர். போன வாரம் சுகாதார நிலையத்தைப் பற்றி எழுந்தேன். தலைவர் மணியடித்தார்.

"உக்காருங்க கவுன்சிலர். இது அரசாங்கக் கொள்கை, இங்க பேச முடியாது."

"அப்ப என் வார்டு ஜனங்க அரசாங்கத்துக்கு வெளியிலயா குடியிருக்காங்க?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு எதற்கு மைக்? பக்கத்து அறையில் வரி கட்ட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் கருத்து சின்னதுதான். சின்ன ஊரில் இருப்பதைப் பிடுங்கிப் பெரிய ஊரில் சேர்ப்பதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். சேர்க்கிறவர்கள் யாரும் சின்ன ஊரில் இருப்பதில்லை. மார்ச் முதல் தேதியிலிருந்து நிலையம் பிற்பகல் இரண்டு மணிக்கே பூட்டப்படுமாம். ஏப்ரல் முப்பதோடு முழுதாக மூடல். அந்த ஆணையில் என்னதான் எழுதியிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

நலம். தைலத்தின் பெயரை மறந்துவிட்டாய். எதிர்பார்த்ததுதான்.

படத்தைப் பற்றி நீ சொன்னதை ஏற்க எனக்குச் சில நாள் ஆனது. ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் யாருக்கும் எனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியதில்லை.

ஆணை இதுதான்: சுகாதாரத் துறை, எண் 118. நான்காம் பிரிவைப் படி. பெரிய மருத்துவமனையிலிருந்து 'மூன்று கிலோமீட்டர் பயணத் தூரத்துக்குள்' இருக்கும் சிறிய நிலையத்தை மட்டுமே மூடலாம். பயணத் தூரம் என்றால் மனிதன் போகிற பாதையின் தூரம். அக்கரை மருத்துவமனைக்குப் போக நீங்கள் எல்லோரும் ரயில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். எத்தனை கிலோமீட்டர்? உனக்குத் தெரியாதா? அரசு கெட்டது என்று பன்னிரண்டு முறை கூவுகிறாய். அந்த அரசு தன் ஆணையையே மிதித்திருக்கிறது என்று ஒரு முறை சொல்லத் தெரியவில்லை. கேட்கிறவர்களுக்குக் காது குத்தவா உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இதற்காகத்தான் படி படி என்று உன்னை அடித்தேன். நீ ஜன்னல் வழியாகக் குதித்துப் பந்தாடப் போனாய். இன்று உனக்கு மாலை விழுகிறது. படித்த நான் இங்கே மூன்று முறை பதவி உயர்வில் தள்ளப்பட்டு, என்னிடம் தொழில் கற்றவனுக்கு 'வணக்கம் சார்' சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முடிந்தது. போன மாதக் கடைசியில் என்னைத் தலைமை வரைவாளராக்கியிருக்கிறார்கள். மின்விசிறி இப்போது என் பக்கம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள தலைமை வரைவாளர் அண்ணனுக்கு,

வாழ்த்துகள்! கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்கிறேன். தைலத்தின் பெயர் இந்த முறையும் கேட்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன நான்காம் பிரிவை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்போகும் அதிகாரியை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, நம் நிலையத்து வாசலிலிருந்து அக்கரை மருத்துவமனை வாசல் வரை போனேன்.

"சார், மீட்டரைப் பாருங்க. பத்தொன்பது கிலோமீட்டர்."

"பார்த்தேன்."

"அப்ப எழுதுங்க."

"என்னத்த எழுதறது? சான்றிதழ்ல ரெண்டு புள்ளி ஆறுன்னு இருக்கே."

"சார், நீங்க இப்ப இந்த வண்டியில உக்காந்து வந்தீங்களா, இல்லையா?"

"வந்தேன். ஆனா வந்த தூரத்தை நான் சான்று பண்ண முடியாது. அது வரைபட அலுவலகத்தோட வேலை. அவங்க நேர்ல வந்து அளந்துதான் கொடுத்திருக்காங்க."

"ஆத்து மேல நடந்து அளந்தாங்களா?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்."

சிரிப்பதா அவரை இறக்கிவிட்டுவிட்டு வருவதா என்று தெரியவில்லை. இறக்கிவிட்டிருந்தால் அவரும் பத்தொன்பது கிலோமீட்டர் நடந்திருப்பார்.

சான்றிதழ் உங்கள் அலுவலகத்து முத்திரையோடு இருக்கிறது, அண்ணா. எனக்குக் கொடுத்த நகலில் அடிப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது; யார் கையெழுத்து என்று தெரியவில்லை. 'கள அளவுப் புத்தகம் எண்' என்று மட்டும் பாதி வரி தெரிகிறது. அளந்தவர் யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவர் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம், நிலையம் தப்பிவிடும். நீங்கள் இப்போது தலைமையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது எம்மாத்திரம்!

அன்புத் தம்பி


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? போன கடிதம் கிடைத்ததா? புதுப் பொறுப்பில் வேலை அதிகமாக இருக்கும், தெரியும். நிலையம் இப்போது இரண்டு மணிக்கே பூட்டப்படுகிறது. பூட்டியபின் வருகிறவர்கள் கதவில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், ஆளும் கட்சிக்காரர் வீட்டில் நாய் இருக்கிறது. கூட்டம் ஏப்ரல் 24. அந்தப் பெயரை மட்டும் விசாரித்து எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

கிடைத்தது. இரண்டும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன்.

நீ நினைப்பதுபோல் இது உன் வார்டு அலுவலகமல்ல, 'யாருப்பா அளந்தது?' என்று கூவிக் கேட்க. ஒரு தாள் ஆறு கை மாறுகிறது. தவிர, எங்கள் வரைபடத்தில் நடைபாலம் இன்னமும் இருக்கிறது. அது விழுந்ததை எங்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியது உங்கள் மன்றம். தெரிவித்தீர்களா? இரண்டு வருடம் பாலத்தை வைத்துக் கூட்டம் போட்டாயே, ஒரு கடிதம் போட்டாயா? செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் இப்போது இங்கே ஆள் தேடுகிறாய். கீழே உட்கார்ந்து கோடு போடுகிறவன் கழுத்தைப் பிடிப்பது எல்லாக் கட்சிக்கும் சுலபம்.

என்னை இதில் இழுக்காதே. மகளுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 7

பெரிய தம்பிப் பயலே,

உனக்கு எழுதி ரொம்ப நாளாயிற்று. உன் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாளா?

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கொத்தனாரின் மனைவியைப் பிரசவ வலியோடு அழைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார்கள். பூட்டியிருந்தது. சாவி அதிகாரியிடம். என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். காய்கறி வேனில் ஏற்றிக்கொண்டு ரயில் பாலத்தைச் சுற்றிப் போனோம். நான் கூடவே இருந்தேன். பதினொன்றாம் கிலோமீட்டர்க் கல்லருகே வேனை நிறுத்தச் சொன்னேன். என் கையில்தான் பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். நிலையத்தில் அதற்கான குழாயும் காற்றுப் பையும் இருக்கின்றன, கண்ணாடி அலமாரியில், இரண்டாம் தட்டில். தாய் பிழைத்துக்கொண்டாள். கொத்தனார் என்னிடம் "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரியிலேயே அதிகாரி நிலையத்துக்கு வந்தபோது முழுச் சான்றிதழை என் மேசைமேல் வைத்துப் பார்த்தார். அடியில் இருந்த கையெழுத்தை நானும் பார்த்தேன். சின்ன வயதில் உன் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை நீயே போடுவாய். உன் கை எனக்குத் தெரியாதா?

சின்னத் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? கொத்தனார் வீட்டு விஷயத்தை அக்கா எழுதியிருப்பாள். நான் அங்கே போய் ஒரு வார்த்தையும் பேச முடியாமல் வந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

உங்கள் கடிதத்தில் கேட்டது நியாயம். பாலம் விழுந்ததை மன்றம் உங்கள் அலுவலகத்துக்கு எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை. அது என் தப்பு, கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று எங்கள் கட்சித் தலைவர் கூப்பிட்டார். "மூடட்டும்யா. மூடினாத்தான் ஓட்டு. நீ ஏன் இப்பவே காப்பாத்தித் தொலைக்கிற?" என்றார். "அந்த வேன்ல உங்க வீட்டுப் பொண்ணு இருந்தாலும் இதேதான் சொல்வீங்களா தலைவரே?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த முறை எனக்கு இடம் கிடையாது. எதிர்க்கட்சியிலும் எனக்கு எதிர்க்கட்சி.

அந்தப் பெயரை விசாரிக்க வேண்டாம், அண்ணா. உங்களுக்குச் சங்கடம் என்று புரிகிறது. மகள் படிப்பு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது. நான் என் போக்கில் கத்திப் பார்க்கிறேன். இடுப்பைக் கவனியுங்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை இன்று எனக்கில்லை. உன் பெருந்தன்மையைப் படித்தபோது வந்த ஆத்திரம், நீ என்னைத் திட்டியிருந்தால்கூட வந்திருக்காது.

அளந்தவன் யார் என்று கேட்டாய். யாரும் அளக்கவில்லை. டிசம்பரில் மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டார். சிறிய நிலையங்கள் எல்லாம், ஒன்பது நாள். "நேரில் போய் அளக்க வேண்டாமா சார்?" என்று கேட்டேன். "யாருய்யா உன்னை நடக்கச் சொன்னா? காம்பஸை வை, சுத்து, உள்ள விழுந்ததை எழுது" என்றார். மருத்துவமனையின்மேல் முள்ளை ஊன்றி மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். உள்ளே விழுந்த நானூற்றுப் பன்னிரண்டு நிலையங்களுக்கும் நேர்கோட்டில் அடிக்கோல் வைத்துப் பார்த்து, அதையே பயணத் தூரம் என்று எழுதினேன். எல்லாவற்றிலும் கையெழுத்து என்னுடையது. ஜனவரிக் கடைசியில் வந்த பதவி உயர்வு அதற்குத்தான்.

எட்டாம் நாள் நம் ஊர்த் தாள் வந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. கவனித்தேன். நடைபாலம் போனதை அக்கா எனக்கு எழுதியிருந்தாள். அடிக்கோல் ஆற்றின் குறுக்கே கிடந்தது. ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் அக்காவை நினைக்கவில்லை, ஊரை நினைக்கவில்லை. உன்னை நினைத்தேன். உன் மேடை, உன் மாலை, தோளில் மிச்சம் இருந்த அந்தக் கை. கத்தட்டும், கத்துவதற்கு ஒரு விஷயம் கொடுப்போம் என்று நினைத்து 2.6 என்று எழுதினேன். பிறகு அந்த வேகத்திலேயே உனக்குக் கடிதம் எழுதி, நீ படிக்கவில்லை என்று திட்டினேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாள் விடுப்பெடுத்து ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. அலுவலகத்தின் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, நிலையத்து வாசலிலிருந்து அக்கரை மருத்துவமனை வாசல் வரை நடந்தேன். பதினெட்டு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். உன் வண்டி மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. பதினொன்றாம் கல்லில் நிற்காமல் நடந்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

மாலையில் சந்தை முனையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் மைக் செட்டுக்காரர். ஒரு கடையின் பின்னால் நின்று நானும் கேட்டேன். அரசாணை எண் சொன்னாய், தேதி சொன்னாய், நான்காம் பிரிவை முழுதாகச் சொன்னாய். பாலம் விழுந்ததை எழுதித் தெரிவிக்காதது உன் தப்பு என்றும் சொன்னாய். ஒரு கிழவர் "எதுக்குய்யா நீயே உன்னை மாட்டி விடற?" என்று கேட்டார். "நானும்தானே இந்த மன்றத்துல உக்காந்திருக்கேன் தாத்தா" என்றாய். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் வைப்பதற்கு ஒரு தாளைத் தனியாகத் தட்டச்சு செய்து இதோடு இணைத்திருக்கிறேன். அதில் நடந்து அளந்த தூரம் கல் வாரியாக இருக்கிறது. அதைவிட முக்கியமானது கடைசி வரி. சான்றிதழின் வெட்டிய பகுதியில் 'கள அளவுப் புத்தகம் எண் 37, பக்கம் 112' என்று இருக்கும். எங்கள் அலுவலகத்தில் முப்பத்தாறு புத்தகங்கள்தான் உண்டு. முப்பத்தேழு என்று ஒன்று கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழிலும் அதே எண்தான் இருக்கிறது. அதிகாரியிடம் வேறெதுவும் வாதாடாதே. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல். கொண்டுவரும்வரை உட்காராதே. அவர்களால் கொண்டுவர முடியாது. மூடிய மற்ற ஊர்க்காரர்களும் அதையே கேட்கட்டும்.

கையெழுத்துக் கேட்டிருந்தாய். போட்டால் அது அரசு ஊழியரின் கடிதமாகிவிடும். அது விளக்கம் கேட்டுத் துறைக்குத் திரும்பும். துறையில் தலைமை வரைவாளரின் மேசைக்கு வரும். அதற்கு அவன் என்ன விளக்கம் எழுதுவான் என்று எனக்குத் தெரியும். நான்கு மாதமாக அவனோடுதான் இருக்கிறேன். தவிர, அண்ணன் அளந்து தம்பி கத்துகிறான் என்று சொல்லியே உன்னை உட்கார வைத்துவிடுவார்கள். இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெயரில்லை என்று சொல். அது பொய்யாகாது.

இவை நியாயமான காரணங்கள். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. புத்தகத்தைத் தேடத் தொடங்கினால் சான்றிதழின் அடியில் இருக்கும் பெயரைத் தேடி வர ஒரு வாரம் ஆகாது. அந்த ஒரு வாரம் வேண்டும் எனக்கு, மகளிடம் சொல்வதற்கு. கொத்தனாரிடம் என்ன சொல்வது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடப்போவதில்லை.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவளுக்குத் தெரியும்.

பார்க்காமலே நானூற்றுப் பதினொன்றிலும், பார்த்துக்கொண்டே ஒன்றிலும் என் பெயரை எழுதினேன். காலால் அளந்தது இந்த ஒரு தாள்தான். இதை இப்படியே, கையெழுத்திடாமல், நாளைக் காலை முதல் தபாலில் சேர்க்கிறேன்.